பெரிய வீடு, குடியாத்தம்: குடும்ப குரூப்

பெரிம்மா: தீபா பலமநேர்லதானே இருக்கா? இந்த வெயிலுக்கு அவளுக்கு ஒரு சொம்பு கள்ளு வாங்கிக் குடுங்க. மாசமா இருக்கறவளுக்குச் சூடு ஏறக்கூடாது.

மலர் (காட்பாடி): பெரிம்மா, கள்ளு வேணவே வேணாம்.

பெரிம்மா: கள்ளு இன்னா சாராயமா? எங்க ஆயா குடிச்சிக்கினேதான் அஞ்சு பெத்தாங்க. எல்லாம் நல்லாத்தான் கீது.

மலர்: மரத்துல தொங்கறப்பவே பானைக்குள்ள புளிக்க ஆரம்பிச்சிடும் பெரிம்மா. புளிச்சா அது ஆல்கஹால்தான், பிராந்தியில இருக்கற அதே சரக்கு, அளவுதான் கம்மி. தாய் குடிச்சா நஞ்சுக்கொடி வழியா புள்ளை ரத்தத்துலயும் ஏறிடும். அதை உடைச்சு வெளிய தள்ள புள்ளையோட கல்லீரலுக்கு இன்னும் தெம்பு இல்ல. பனிக்குடத் தண்ணியிலயும் தங்கிடும்.

மலர்: மூளைக்குத்தான் பெரிய அடி. நரம்பு செல்லுங்க உருவாகி, அதது இடத்துக்கு நகர்ந்து போய், ஒண்ணோட ஒண்ணு சேரணும். ஆல்கஹால் சிலதைக் கொன்னுடும், சிலதை இடம் மாத்தி நிறுத்திடும். எல்லாருக்கும் வராது, யாருக்கு வரும்னும் சொல்ல முடியாது. இவ்ளோ குடிச்சா பரவால்லன்னு ஒரு அளவே கிடையாது.

குமார் அண்ணன்: பொறந்ததும் பாத்தா தெரியுமா?

மலர்: சிலருக்கு மூக்குக்குக் கீழ பள்ளம் இல்லாம வழவழன்னு இருக்கும், மேல் உதடு மெல்லிசா இருக்கும். 1973ல அமெரிக்காவுல ஜோன்ஸ், ஸ்மித்னு ரெண்டு டாக்டருங்க இதுக்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்'னு பேரே வெச்சாங்க. ஆனா நெறைய புள்ளைங்களுக்கு முகத்துல ஒண்ணுமே இருக்காதுண்ணா. ஸ்கூல் போனப்புறம்தான் தெரியும். நேத்து படிச்சது இன்னிக்கு மறந்துடும், கணக்கு ஏறாது, ஒரு இடத்துல உக்கார முடியாது. அடங்காத புள்ளைன்னு அடி வாங்கிக்கினே வளரும். அதை நெனச்சாலே எனக்கு வயிறு எரியுது.

தீபா: அக்கா, போன மாசம் திருவிழாவுல அரை டம்ளர் குடிச்சேன். அப்ப மாசமா இருக்கறது தெரியாது 😢

மலர்: அழாத கண்ணு. அரை டம்ளர்ல கட்டாயம் ஏதாச்சும் ஆயிடும்னு இல்ல. இனிமே தொடாத. மூளை பத்து மாசமும் வளருது, எப்ப நிறுத்தினாலும் புள்ளைக்கு நல்லதுதான். அடுத்த செக்கப்புல டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடு.

பெரிம்மா: அப்ப பதநீர்?

மலர்: சுண்ணாம்பு தடவின பானையில எறக்கினது, விடிகாலையில உடனே குடிச்சா சரி. மதியம் வரைக்கும் வெச்சது வேணாம். இளநீரே போதும் பெரிம்மா.

கோமதி அத்தை: மலரு, தீபாவுக்குத் தெம்புக்குன்னு ஒரு அரிஷ்டம் பாட்டில் வாங்கி வெச்சிருக்கேனே?

மலர்: அதுவும் புளிக்கவெச்சதுதான் அத்தை, ஆல்கஹால் இருக்கும். குடுக்காதீங்க. லேபிளை போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்.