கல்யாண ஸ்டுடியோவுக்குச் சொந்தமாக எஸ்3 சேமிப்பகம்: மூன்று வீட்டில் மூன்று பெட்டி வைத்தால் போதுமா?

பழைய வண்ணை ஸ்டுடியோ:
எம்.சி. ரோட்டுக்குப் பின்தெருவில் கல்யாண வீடியோ, புகைப்பட ஸ்டுடியோ நடத்துகிறேன். இதுவரை 22 டெராபைட் சேர்ந்திருக்கிறது. எல்லாம் தனித்தனி ஹார்டு டிஸ்க்குகள், மேலே மார்க்கர் பேனாவில் மணமக்கள் பெயரும் முகூர்த்தத் தேதியும். இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அமேசானின் எஸ்3 போல, கோப்புகளை இணையம் வழியாக வைக்கவும் எடுக்கவும் முடிகிற ஒரு ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் சர்வர் நாமே அமைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். வாடிக்கையாளருக்கு இணைப்பு அனுப்பினால் அவர்களே படங்களை இறக்கிக்கொள்ள வேண்டும். பழைய கல்யாணங்களும் பத்திரமாக இருக்க வேண்டும். கடையில் ஒரு பெட்டி, தண்டையார்பேட்டையில் என் வீட்டில் ஒன்று, ராயபுரத்தில் தம்பி வீட்டில் ஒன்று வைக்க இடம் இருக்கிறது. மூன்றிலும் 100 மெகாபிட் ஃபைபர். இதற்கான மென்பொருளில் எதைப் போடுவது: மினியோவா, கேரேஜா, வேறு ஏதாவதா?

ராயபுரத்தான்:
யோசிக்காமல் கேரேஜ் போடுங்கள். டியூஃப்ளர்ஸ் என்ற பிரெஞ்சு லாப நோக்கற்ற அமைப்பு, வீடுகளில் வைத்த சாதாரணக் கணினிகளில் தன் சேவைகளை நடத்துவதற்காக ரஸ்ட் மொழியில் எழுதியது அது. சுமாரான இணையம், ஆளுக்கொரு வீடு, பெட்டிக்குப் பெட்டி வேறு அளவு வட்டு என்று நீங்கள் சொல்லும் நிலைக்கென்றே வடிவமைத்திருக்கிறார்கள். அமைப்புக் கோப்பில் ரெப்ளிகேஷன் ஃபேக்டர் (எத்தனை பிரதி என்ற எண்) 3 என்று வையுங்கள். பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ள மூன்றுக்கும் ஒரே ஆர்பிசி ரகசியச் சாவி. ‘லேஅவுட் அசைன்’ கட்டளையில் ஒவ்வொரு பெட்டிக்கும் மண்டலப் பெயரும் (அது இருக்கும் இடம்) கொள்ளளவும் கொடுத்து, ‘லேஅவுட் அப்ளை’ கொடுத்தால் முடிந்தது. எஸ்3 கோரிக்கைகள் 3900 போர்ட்டில் வரும். ஒரு வீட்டில் மின்சாரம் போனாலும் மற்ற இரண்டும் வேலையைத் தொடரும்.

மினியோவைப் புதிதாகத் தொடங்காதீர்கள். 2021-ல் அப்பாச்சி என்ற தளர்வான உரிமத்திலிருந்து ஏஜிபிஎல் என்ற கட்டுப்பாடு மிகுந்த திறமூல உரிமத்துக்கு மாறினார்கள். அதில் எனக்குக் குறை இல்லை, கேரேஜும் அதே உரிமம்தான். ஆனால் 2025 மே மாதம் இலவசப் பதிப்பின் நிர்வாகப் பக்கத்தில் பெரும்பாலான வசதிகளை நீக்கினார்கள், அக்டோபரில் அப்படியே இறக்கி ஓட்டக்கூடிய ஆயத்த கன்டெய்னர் இமேஜ்களை வெளியிடுவதை நிறுத்தினார்கள், டிசம்பரில் இனி பராமரிப்பு மட்டுமே என்று எழுதிவிட்டார்கள்.

வட்டு வைத்தியர்:
மினியோ பற்றிச் சொன்னது சரி. மற்றதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்டுடியோ நண்பரே, நீங்கள் இரண்டு வேலைகளை ஒரே கேள்வியில் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். வாடிக்கையாளருக்குப் படம் கொடுப்பது ஒன்று, பழைய கல்யாணங்களைக் காப்பது இன்னொன்று. முதலாவதுக்கு ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் பொருத்தம். இரண்டாவதுக்கு மூன்று வீட்டுக் கேரேஜ் ஆகவே ஆகாது.

காரணம் இதுதான். கேரேஜில் பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளும் வெர்ஷனிங் கிடையாது. அழிக்க முடியாமல் பூட்டி வைக்கும் ஆப்ஜெக்ட் லாக்கும் கிடையாது. கடைப் பையன் தூக்கக் கலக்கத்தில் தவறான பக்கெட்டில் (கோப்புகளைப் போட்டு வைக்கும் தொகுதி) நின்று ஒரு ஃபோல்டரை அழித்தால், தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் அதுவும் கையோடு போய்விடும். மூன்று பிரதியும் ஒருவருக்கொருவர் விசுவாசமாக இருக்கும், உங்களுக்கு அல்ல. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதியைப் பரப்பிய பீட்டர் கிராக், நம்மைப் போன்ற கணினிக்காரர் அல்ல, உங்கள் தொழில்காரர், புகைப்படக் கலைஞர். அவர் சொன்ன பிரதி, ஒன்றைத் தொட்டால் மற்றது அசையாத பிரதி.

ராயபுரத்தான்:
வைத்தியரே, பையனிடம் அழிக்கும் உரிமையை யார் கொடுக்கச் சொன்னது? அவனுக்கென்று தனிச் சாவி உருவாக்கி, தேவையான உரிமையை மட்டும் கொடுங்கள்.

வட்டு வைத்தியர்:
கேரேஜில் ஒரு பக்கெட்டின் மீது ஒரு சாவிக்கு மூன்றே அனுமதிகள்: படிக்க, எழுத, உரிமையாளர். எழுதத் தெரிந்த சாவிக்கு அழிக்கவும் தெரியும். ஏற்றலாம், அழிக்கக் கூடாது என்று பிரிக்க அதில் வழி இல்லை. பையன் படம் ஏற்ற வேண்டுமா, வேண்டாமா?

மணலி வாசி:
இவ்வளவு தலைவலி எதற்கு? மேகச் சேவையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். அமேசானுக்கு மும்பையில் மையம் இருக்கிறது.

பெரம்பூர் நிலா:
மணலி வாசி, வைப்பது எளிது, எடுப்பதுதான் செலவு. அமேசானில் மாதம் 100 ஜிபி வரை வெளியே எடுப்பது இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு ஜிபிக்கும் கட்டணம். ஒரு கல்யாணத்தின் படங்களை மட்டும் நாலு உறவினர் இறக்கினாலே அந்த 100 தீர்ந்துவிடும். டீப் ஆர்க்கைவ் என்ற மலிவான அடுக்கு இருக்கிறது. ஆனால் அங்கே வைத்ததை 180 நாளுக்கு முன் அழித்தாலும் அந்த 180 நாளுக்கான காசு கட்ட வேண்டும், திரும்பக் கேட்டால் 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். யாருமே கேட்காத பழைய கல்யாணத்துக்கு அது பொருந்தும், அன்றாடத்துக்குப் பொருந்தாது.

ராயபுரத்தான் அண்ணா, உங்கள் மூன்று வீட்டுத் திட்டத்தில் யாரும் கணக்குப் போடவில்லை. 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. மேலேற்றும் வேகமும் அதே 100 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கல்யாணம் 400 ஜிபி என்றால் ஒரு வெளிப் பிரதிக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு வெளிப் பிரதிக்குப் பதினெட்டு. தை மாதத்தில் அடுத்தடுத்த முகூர்த்தம் வந்தால் முதல் கல்யாணம் போய்ச் சேருவதற்குள் இரண்டாவது வரிசையில் நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. பிரதி 3 என்றால், இரண்டு பெட்டிகள் ‘எழுதிவிட்டேன்’ என்று சொன்ன பிறகுதான் கேரேஜ் எழுத்தை ஏற்றுக்கொள்ளும். அந்த இரண்டில் ஒன்று கண்டிப்பாக வேறு வீடு. அதாவது கடையிலேயே, பக்கத்து மேசையில் இருக்கும் பெட்டிக்கு மெமரி கார்டிலிருந்து ஏற்றினாலும் ஃபைபரின் வேகம்தான் கிடைக்கும். கேமராமேன் மண்டபத்திலிருந்து வந்து கார்டைச் சொருகிவிட்டு விடியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ராயபுரத்தான்:
வேகம் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். அப்படியென்றால் எடிட்டிங் ஒரு சாதாரண வட்டில் நடக்கட்டும், முடிந்த வேலை மட்டும் இரவில் கேரேஜுக்குப் போகட்டும். எப்படியும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் வைத்தபடியே வீடியோ எடிட் செய்ய முடியாது, ஒரு கோப்பின் நடுவில் கொஞ்சம் மாற்றினாலும் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். ஒரு வீடு மூழ்கினாலும் சேவை நிற்காது என்ற என் அடிப்படை வாதம் அப்படியே இருக்கிறது.

வட்டு வைத்தியர்:
ஒரு வீடு மட்டும் மூழ்குமா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எந்தத் தெரு மூழ்கவில்லை என்று சொல்லுங்கள் தம்பி. பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம்: அமைப்புக் கோப்பில் மூன்று மண்டலம், மழைக்கு ஒரே மண்டலம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரக் கூட வழி சுற்றுதான். சாலையை ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இங்கே பாதிக் கடைகளின் தரை தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. கீழ்த்தளத்தில் சர்வர் வைக்கிறவரிடம் எந்த மென்பொருள் என்று பேசிப் பயனில்லை.

கடலோரத்தில் உப்புக் காற்று வேறு. காசிமேட்டுப் பக்கம் இருந்து என்னிடம் வந்த ஒரு வட்டில், கீழே சர்க்யூட் போர்டில் மோட்டாருக்குப் போகும் தொடுபுள்ளிகள் பச்சை பூத்திருந்தன. உள்ளே தகடு பழுதில்லை, போர்டைக் கழற்றித் துடைத்த பிறகு சுழன்றது. ராயபுரத்தில் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

என் யோசனை இது. கடையில், மாடியில், ஒரே ஒரு நல்ல பெட்டி. 8 டெராபைட் வட்டு ஆறு, ஜெட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, வட்டுகளை அதன் ரெய்டுஜெட்2 முறையில் ஒன்றாகச் சேர்த்து. இரண்டு வட்டு செத்தாலும் தாங்கும், 32 டெராபைட் வரை கைக்கு வரும். ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே உறையவைக்கும் பதிவு) மணிக்கொன்று. வட்டு வாங்க ரிச்சி தெருவுக்குப் போகும்போது மாடல் எண்ணைப் பார்த்து சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும்) வகைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விலை குறைவென்று, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் வாங்கினால், ஒரு வட்டை மாற்றி மறுகட்டமைக்கும்போது நாள்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். இரண்டாவது பிரதி, இதே மழை பெய்யாத ஊரில்.

பழைய வண்ணை ஸ்டுடியோ:
மாமனார் வீடு வேலூரில் இருக்கிறது. அங்கே வைக்கலாம். ஆனால் வாடிக்கையாளருக்கு இணைப்பு அனுப்பும் வேலை? அதற்குத்தானே இந்தப் பேச்சையே தொடங்கினேன்.

ராயபுரத்தான்:
அதற்கு அந்தக் கடைப் பெட்டியிலேயே கேரேஜை ஒற்றைக் கணுவாக, பிரதி 1 என்று ஓட்டுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய படங்களின் நகல் மட்டும் அதில் இருக்கட்டும். சாவி இல்லாதவரும் திறக்கக்கூடிய, கையொப்பமிட்ட இணைப்பை அதிகபட்சம் ஏழு நாள் செல்லுபடியாகும்படி உருவாக்கலாம். எட்டாவது நாள் மாப்பிள்ளையின் சித்தி போன் செய்வார், புதிய இணைப்பு கொடுத்துவிடுங்கள்.

வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் தனிப் பொது ஐபி கிடைக்காது. சிறிய வாடகை சர்வர் ஒன்று எடுத்து, வயர்கார்டு என்ற விபிஎன் மூலம் கடைப் பெட்டியோடு இணைத்து, வாடகை சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரை முன்னால் நிறுத்துங்கள். எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். என்ஜின்எக்ஸ், கோரிக்கையில் தள முகவரியைச் சொல்லும் அசல் ஹோஸ்ட் தலைப்பை மாற்றாமல் பின்னால் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் கையொப்பம் பொருந்தவில்லை என்று பிழை வரும். அனுமதிக்கும் கோப்பு அளவு இயல்பாக 1 எம்பிதான், அதை உயர்த்தாவிட்டால் அந்த வழியாக ஏற்றும் முதல் படத்துக்கே 413 (கோப்பு மிகப் பெரிது) என்று முகத்தில் அடிக்கும். பெட்டியின் கடிகாரமும் சரியாக ஓட வேண்டும், 15 நிமிடத்துக்கு மேல் விலகினால் கோரிக்கையையே ஏற்காத சர்வர்கள் உண்டு. கிளையண்ட் மென்பொருளில் ரீஜன் (சேமிப்பகம் இருக்கும் பகுதி) பெயரை அமைப்புக் கோப்பில் உள்ளதுபோலவே எழுதுங்கள். அங்கே ‘கேரேஜ்’ என்றிருக்க, இங்கே பழக்கத்தில் அமெரிக்க ரீஜனை எழுதிவிட்டு இரவெல்லாம் சாவியைச் சந்தேகப்படுகிறவர்கள் நிறைய.

பெரம்பூர் நிலா:
கூடுதலாக ஒன்று. கேரேஜ் தன் குறிப்புகளை வைக்கும் தரவுத்தளம் எல்எம்டிபி என்றால், மின்சாரம் சட்டென்று போகும்போது கெட்டுப்போகலாம் என்று அவர்களுடைய ஆவணமே எச்சரிக்கிறது. நம் பகுதியில் மின்சாரம் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எஸ்க்யூலைட் என்ற வேறு தரவுத்தளத்துக்கு மாற்றுங்கள், தானியங்கி ஸ்னாப்ஷாட் இடைவெளியையும் அமைத்துவிடுங்கள். யூபிஎஸ் வாங்கினால் மட்டும் போதாது, பேட்டரி குறைந்ததும் பெட்டியை முறையாக நிறுத்தும்படி யூஎஸ்பி கம்பியைச் சொருகி மென்பொருளும் அமைக்க வேண்டும். பலர் அந்தக் கம்பியை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள்.

ராயபுரத்தான்:
எல்லாம் சரி, கடைப் பெட்டி படுத்தால் அன்றைக்கு வாடிக்கையாளர் இணைப்பும் படுக்கும். மூன்று பெட்டியில் அது நடக்காது. இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வட்டு வைத்தியர்:
படுக்கட்டுமே. ஒரு நாள் படம் தாமதமானால் கல்யாணம் ரத்தாகுமா?

பழைய வண்ணை ஸ்டுடியோ:
தாமதமானால் போனில் நான்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், இருந்தாலும் பரவாயில்லை. கடை மாடியில் ஒன்று, வேலூரில் ஒன்று என்று முடிவு செய்திருக்கிறேன். வேலூர்ப் பெட்டி இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால் மின்கட்டணம் பற்றி மாமனார் என்ன சொல்வாரோ தெரியவில்லை. 22 டெராபைட்டையும் ஃபைபரில் அங்கே அனுப்ப எத்தனை நாள் ஆகும்?

பெரம்பூர் நிலா:
இடைவிடாமல் ஓடினால் இருபது நாளுக்கு மேல். அப்படிச் செய்யாதீர்கள். ஆடியில் முகூர்த்தம் இருக்காது, அப்போது வேலூர்ப் பெட்டியைக் கடைக்கே கொண்டுவந்து உள் நெட்வொர்க்கில் முழுவதையும் நகலெடுத்துவிட்டு, வட்டுகளை உறையில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். அதன் பிறகு புதிதாகச் சேர்வது மட்டும் இணையத்தில் போகும்.

மாமனாருக்கும் வழி இருக்கிறது. பயாஸில் கடிகார அலாரம் வைத்தால் பெட்டி இரவு ஒரு மணிக்குத் தானே விழித்து, கடையிலிருந்து புது ஸ்னாப்ஷாட்டுகளை இழுத்துக்கொண்டு, முடிந்ததும் தானே அணைந்துவிடும். அனுப்புவது கடையாக இருக்கக் கூடாது, இழுப்பது வேலூராக இருக்க வேண்டும். வேலூரின் கடவுச்சொல் கடையில் எங்கும் இருக்காது. கடைக் கணினியில் யாராவது புகுந்து எல்லாவற்றையும் பூட்டினாலும் வேலூருக்குப் போக அவர்களுக்குச் சாவி கிடைக்காது.

வட்டு வைத்தியர்:
வேலூர் பக்கத்தில் பழைய ஸ்னாப்ஷாட்டுகளைக் குறைந்தது மூன்று மாதம் வைத்திருங்கள். கடையில் அழிந்தது அங்கேயும் மறுநாளே அழிந்தால் நாம் இவ்வளவு நேரம் பேசியது வீண். பஸ்ஸில் போகும் முன் நகலிலிருந்து ஒரு பழைய கல்யாணத்தை முழுவதும் எடுத்து ஓட்டிப் பாருங்கள், தாலி கட்டும் காட்சி வரை.