ரிச்சி தெரு வயர் விமானத்துக்கு ஆகுமா?

கேள்வி (தாம்பரம்):
இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றை வீட்டு ஷெட்டில் கட்டிக்கொண்டிருக்கிறேன். இறக்கை முடிந்தது, இனி வயரிங். ரிச்சி தெருவில் பிவிசி வயர் மலிவாகக் கிடைக்கிறது. விமானங்களில் போடும் டெஃப்செல் (சூடு தாங்கும் பிளாஸ்டிக் உறை) வயரின் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. எல்லாமே 12 வோல்ட்தானே, பிவிசி போதாதா?

பதில்:
தம்பி, வோல்டேஜை விடுங்கள், புகையை யோசியுங்கள். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அந்தச் சின்ன கேபினில் கண்ணைத் திறக்க முடியாது, வண்டியைப் போல ஓரம்கட்டவும் முடியாது. நம் வீட்டு வயர் பெரும்பாலும் 70 டிகிரிக்கானது. 22759/16 என்ற தர எண் கொண்ட டெஃப்செல் 150 டிகிரி தாங்கும், 600 வோல்ட். உறை மெல்லியது, எடையும் குறைவு. சால்டரிங் வைத்தால் பிவிசி போலச் சுருங்கி ஓடாது. ஆனால் முரட்டு உறை, பிளேடால் சீவாதீர்கள். உள்ளே ஒரு செம்பு இழை வெட்டுப்பட்டாலும் அதிர்வில் அங்கேதான் முறியும். நல்ல ஸ்ட்ரிப்பர் வாங்குங்கள்.

இன்னொரு பதில்:
பழைய காப்டன் (பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் உறை) வயர் யாராவது சும்மா தந்தாலும் வேண்டாம். உறை உரசித் தேய்ந்தால் ஆர்க் (மின்பொறி) அடித்து, கரியாகிக்கொண்டே போகும்.

கேட்டவர்:
சரி சார், டெஃப்செல்தான். கடைக்காரர் தருவது அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்:
உறையில் 22759/16 என்ற எண் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அப்புறம் மொட்டைமாடியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உறையில் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் பிவிசி. துளி போதும், புகையை முகராதீர்கள்.