புதுப்பிப்பு: அப்பாவின்ர பாஸ் கடதாசி

போன மாதம் இஞ்ச கேட்டிருந்தன்: யுத்த காலத்தில வன்னியை விட்டு வெளிய போக புலிகளின்ர பொறுப்பாளர் ஒராள் கையெழுத்து வைச்சுக் குடுத்த பாஸ் (அனுமதிச் சீட்டு) இருக்கு, லாமினேற் பண்ணலாமோ எண்டு. பண்ணேல்லை. வேண்டாமெண்டு மறிச்ச அண்ணைக்கு நன்றி. அந்தச் சூடும் பசையும் ஒருக்கா ஏறினா பிறகு கழட்டேலாது.

நேற்று பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தன். நீல மை ரப்பர் முத்திரைக்கு மேலால ஓடுது. பின்பக்கத்தை விரலால தடவினா பேனை அழுத்தின மேடு தட்டுப்படுது. போட்டோக்கொப்பி இல்லை, கையால வைச்சதுதான். மடிச்ச இடம் கிழிஞ்சிருக்கு, டேப் ஒட்டேல்லை. அமிலமில்லாத தாளுக்குள்ள, வெளிச்சம் படாமல் வைச்சாச்சு.

இது 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கைக்கு முந்தினது. 2009இல முள்ளிவாய்க்காலால வரேக்க எத்தினை சனம் இப்பிடியான கடதாசியளை எரிச்சும் புதைச்சும் போட்டு வந்தது! அம்மா இதைச் சீலைத் தலைப்பில முடிஞ்சு கொண்டந்தவ.

கையெழுத்துக்கு விலை கேட்டு எழுதினவைக்கு: விக்கிறதுக்கில்லை. அயலில இருக்கிற மாமி ஒராள் தன்ர பாஸையும் கொண்டந்து காட்டினவ, அதில ஆமி அதிகாரியின்ர சிங்களக் கையெழுத்து. இரண்டையும் ஸ்கேன் பண்ணி வைச்சிருக்கிறன். உங்களிட்டயும் இருந்தா லாமினேற் மட்டும் பண்ணிப் போடாதேங்கோ.