திருவிழா முடிந்தால் நல்லூரில் யாருக்கு அறை கொடுப்பது?

நல்லூர்_ஒழுங்கை
வணக்கம். நல்லூர்க் கோயிலில் இருந்து பத்து நிமிட நடை, எங்கள் பழைய வீட்டில் இரண்டு அறை வாடகைக்குக் கொடுக்கிறோம். கொடியேறினால் 25 நாளும் கவலையில்லை, லண்டன், கனடாச் சொந்தங்களே நிறைத்துவிடுவார்கள். தீர்த்தம் முடிந்து தண்ணீர்ப் பந்தலைக் கழற்றிவிட்டால் பிறகு வளவில் நானும் நாயும்தான். சுற்றுலா ஊக்குவிப்புப் பணியகம் வெளிநாட்டுக் கண்காட்சிக்கெல்லாம் போகிறது, ஆனால் நான் பார்த்த காணொளிகளில் சிகிரியா, யானை, கண்டிப் பெரஹரா ஊர்வலம், அவ்வளவுதான். யாழ்ப்பாணம் என்றால் கோபுரத்தை ஒரு நொடி காட்டி நண்டுக் கறியோடு முடித்துவிடுகிறார்கள். எதை விளம்பரப்படுத்துவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? எங்களை மாதிரிச் சின்ன ஆட்கள் அதற்குள் போக வழி இருக்கிறதா?

கொழும்பு_முகவர்
அண்ணை, பயண முகவர் நிலையத்தில் பத்து வருடம் இருந்தவன் சொல்கிறேன். 2005இன் 38ஆம் இலக்கச் சட்டப்படி வேலை பிரிந்திருக்கிறது: உங்கள் அறையைப் பதிவதும் தரம் பார்ப்பதும் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை, நாட்டை வெளியே விற்பது பணியகம். பணியகம் உங்கள் அறையை விற்காது, ஊரைத்தான் விற்கும். மார்ச்சில் பெர்லின், நவம்பரில் லண்டன் கண்காட்சிகளில் மேசைக்கு வரும் வெளிநாட்டு முகவர் அடுத்த வருடத்துக்கு நாள் கேட்பார், விலை கேட்பார். கண்டியில் எசல பெரஹராவுக்குத் தெருவோரக் கதிரை விற்கிறார்கள், அதற்கு அவரால் விலை போட முடியும். நல்லூரில் எதற்கு விலை போடுவது, ஒரு ரூபாய் அர்ச்சனைச் சீட்டுக்கா? அப்புறம், பத்திரிகையாளர்களையும் காணொளி எடுப்பவர்களையும் அழைத்து வந்து ஊர் சுற்றிக் காட்டுவதும் பணியகம்தான். அவர்களுக்கு அரை நாளில் பார்த்து முடிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும், ‘எங்கள் ஊரில் எல்லாம் இருக்கிறது’ என்றால் எடுபடாது.

வழிகாட்டி_காங்கேசன்துறை
அரை நாள் என்றால் கந்தரோடையும் கீரிமலையும் போதும். கந்தரோடையில் பனைகளுக்கு நடுவில் கூட்டமாக நிற்கிற குட்டித் தூபிகளைப் பார்த்ததும் ஆட்கள் கமராவைத்தான் முதலில் எடுப்பார்கள், கேள்வி பிறகுதான் வரும். கீரிமலையில் கேணிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் குளிக்கிற தண்ணீர் நன்னீர். போன வருடம் வந்த ஒரு ஜெர்மன்காரர் இரண்டு பக்கமும் மாறி மாறி விரலை நனைத்து நக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். மழைத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் ஓடிக் கரையில் ஊறுகிறது என்று விளங்கப்படுத்தினேன், மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

இன்னொன்று அண்ணை, ஐப்பசி கார்த்திகையில் இங்கே மழை, அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். நாள்தான் பிரச்சினை என்றால் வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழா இருக்கிறதே! அது தைப்பொங்கலன்று நடக்கிறது, ஜனவரி 14, தப்பினால் 15. எந்த முகவரும் ஒரு வருடம் முன்னமே எழுதி வைக்கலாம். கதிரையும் தேவையில்லை, கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

கோண்டாவில்_அக்கா
விலை, கதிரை என்று கதைக்கிறீர்கள். நல்லூர் வீதியில் கதிரை போட்டுச் சீட்டு விற்க யாரும் வந்தால் நானே குறுக்கே நிற்பேன், சொல்லிவிட்டேன். அங்கே மணல் பரப்பிய வீதியில் சனம் பிரதட்டை அடிக்கும், அது காட்சிப் பொருள் இல்லை. வருகிறவர்கள் வரட்டும், ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதையாவது முதலே சொல்லி அனுப்புங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் தங்கிய ஒருவர் வாசலில் வைத்துத்தான் அதை அறிந்தார். சட்டையைச் சுருட்டி எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார், பாவம், அம்மாதான் ஒரு சால்வை கொடுத்தா. அடுத்த நாள் அதைத் திருப்பிக் கொடுக்க வந்தவருக்கு ஒடியல் மாவில் (காய்ந்த பனங்கிழங்கு மா) காய்ச்சிய கூழைப் பலா இலையில் கோலிக் கொடுத்தோம். மூன்று தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். இதற்கு எந்தப் பணியகமும் வேண்டாம் தம்பி, ஆனால் இதைப் படம் எடுத்து அனுப்ப ஒரு ஆள் வேண்டும்.

நல்லூர்_ஒழுங்கை
எல்லோருக்கும் நன்றி. பட்டத் திருவிழா நினைவுக்கே வரவில்லை, இத்தனைக்கும் அம்மாவின் ஊரே வல்வெட்டித்துறை! பதிவு வேலையை இந்தக் கிழமை தொடங்குகிறேன். வழிகாட்டி அண்ணை, பொங்கலுக்கு ஆள் பிடித்தால் நல்லூரில் இருந்து கூட்டிப்போக உங்கள் வானுக்கு எவ்வளவு?