தண்ணீர் வடிந்த பிறகு வரும் காய்ச்சல்: மீட்பு வேலைக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

2023 அக்டோபரில் மியான்மரின் பெகு நகரில் ஒரே நாளில் ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் நற்பணிக் குழுவிடம் இரண்டு படகுகள் இருந்தன. வீட்டு மாடியிலும் கூரையிலும் மாட்டிக்கொண்டவர்களை இறக்கி, மேட்டிலிருந்த பொங்கி (புத்த பிக்கு) மடத்தில் கொண்டு சேர்த்தோம். நான்கு நாளும் இடுப்பளவுத் தண்ணீர். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் அங்கே எதற்கும் உதவவில்லை. மேல்வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால், சாக்கடையைக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்ட மாதிரிதான்.

மூன்றாம் நாள், எங்களோடு வந்த மாமா ஒருவர் முழங்காலுக்குக் கீழே தகரத்தில் கிழித்துக்கொண்டார். "சின்னக் கீறல்தான் தம்பி, நீ படகைத் தள்ளு" என்றார். சாயங்காலம் விளக்கடியில் அவர் காலைப் பார்த்தேன். பாதம் ஊறி வெளுத்திருந்தது; விரலிடுக்கில் தோல் பிரிந்து சிவப்பாகத் தெரிந்தது. கிழிந்த இடத்தைவிட அந்த விரலிடுக்குகள்தான் மோசம். முகாமில் டிடி ஊசி போட்டார்கள். ஊசி போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அது வில்வாதம் (டெட்டனஸ்) வராமல்தான் காக்கும், வெள்ளநீரில் வரும் காய்ச்சலுக்குக் காப்பு இல்லை என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மறுநாளும் மாமா தண்ணீரில் இறங்கினார்.

தண்ணீர் வடிந்து, வீடுகளில் சேறு அள்ளிக்கொண்டிருந்த சமயத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளத்தில் இறங்கிப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் பார்த்த கிளினிக்கில் டெங்குவாக இருக்கும் என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். வெள்ளத்தில் நின்றீர்களா என்று அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நான்காம் நாள் பார்க்கப் போனேன். இரண்டு கண்ணும் ரத்தமாகச் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை. போர்வையைச் சரிசெய்யும்போது கை கெண்டைச் சதையில் பட்டுவிட்டது. அலறிவிட்டார். அடிபட்ட காலில் மட்டுமில்லை, இரண்டு கெண்டையிலும் அதே வலி. சிறுநீர் சாயத்தேநீர் நிறத்தில், கொஞ்சமாகத்தான் போனது.

அடுத்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "தண்ணீரில் இறங்கினீர்களா, எத்தனை நாள்?" என்பதுதான். எலிக்காய்ச்சல் என்றார். எலி, மாடு, நாய், பன்றியின் சிறுநீரிலிருந்து கிருமி வெள்ளத்தில் கலக்கிறது. கீறல் வழியாகவும், ஊறிப்போன தோல், கண், வாய் வழியாகவும் உடம்புக்குள் போகிறது. இரண்டு நாளில் வரலாம், நான்கு வாரம் கழித்தும் வரலாம். அதற்குள் நாம் வெள்ளத்தையே மறந்துவிடுகிறோம், அதுதான் ஆபத்து. முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு என்று உயிருக்கே வந்துவிடும். மாமாவுக்குப் பென்சிலின் ஏற்றினார்கள். ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பினார்.

2024 செப்டம்பரில் யாகி புயல் மழையில் டவுங்கூ பக்கம் போனபோது, கிளம்பும் முன்பே மருத்துவரைப் பார்த்தோம். எலிக்காய்ச்சல் வராமலிருக்க, வேலை முடியும் வரை வாரம் ஒரு தடவை டாக்ஸிசைக்ளின் மாத்திரை 200 மில்லிகிராம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வெறும் வயிற்றில் போட்ட பையன் ஒருவன் குமட்டலில் சுருண்டுவிட்டான். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் மருந்தும் இல்லை, கேட்காமல் யாரும் போடாதீர்கள்.

இன்னொன்றும் செய்தோம். ஒவ்வொருவர் பையிலும் பர்மியில் எழுதிய ஒரு சீட்டு: "இவர் வெள்ளநீரில் வேலை செய்தவர். இறங்கிய தேதி இது. ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலையும் பாருங்கள்."

ரங்கூன், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்:

அண்ணே, அந்த மாமாவுக்குச் சர்க்கரை உண்டா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சேற்றிலும் தண்ணீரிலும் மெலியாய்டோசிஸ் என்ற நோயின் கிருமியும் இருக்கிறது. சர்க்கரைக்காரர்களைத்தான் அது அதிகம் பிடிக்கும். நிமோனியா மாதிரியும் வரும், உள்ளுறுப்பில் சீழ்கட்டியாகவும் வரும், காசநோய் என்று ஏமாந்துபோகவும் வாய்ப்புண்டு. வழக்கமாகக் கொடுக்கும் பென்சிலின் இதற்குக் கேட்காது. செஃப்டாசிடைம் போன்ற மருந்தைக் குறைந்தது பத்து நாளாவது நரம்பில் ஏற்றி, அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். இந்த நோயை உலகத்தில் முதன்முதலாகக் கண்டறிந்ததே நம் ரங்கூனில்தான். விட்மோர் என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்த கிருஷ்ணசாமியும் 1912-இல் எழுதினார்கள். கிருஷ்ணசாமி என்ற அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள். கல்ச்சர் இல்லாமல் இதை உறுதிசெய்வது கஷ்டம்.

நர்கிஸ் புயல் சமயத்தில் ஐராவதி டெல்டாவுக்குப் போனவர்:

2008 மே மாதம் நாங்கள் பயந்ததெல்லாம் பிணங்களைப் பார்த்துத்தான். மூக்கில் துணி கட்டிக்கொண்டு எடுத்தோம். வெள்ளத்திலும் புயலிலும் இறந்தவர்களால் கொள்ளைநோய் கிளம்பாது என்று பிறகு ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உடலைத் தூக்குகிறவர் கையுறை போட்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எங்களைப் படுக்கவைத்தது பேதி. கை கழுவாமல் ஒரே பாத்திரத்தில் பிசைந்து சாப்பிட்டதுதான் காரணம். அந்த மக்களை அவசர அவசரமாகப் பெயர்கூடக் குறிக்காமல் புதைத்தோமே, அது இன்னும் என்னை உறுத்துகிறது.

தொடங்கியவர்:

தம்பி, மாமாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. அன்றைக்கு நாங்கள் யாரும் அவரைக் கேட்கவே இல்லை. சீட்டில் அதற்கும் ஒரு வரி சேர்த்துவிட்டேன். இனி சர்க்கரை உள்ளவர்கள் படகில் வேண்டாம், மடத்தில் சமையலைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பேசியிருக்கிறோம். மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.