ரயில் ‘பிளாக்’குக்கு பாத்தின்னு வெச்சா என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்,

ரயில் சிக்னல்ல வர்ற பிளாக்ங்கற ஒரு வார்த்தைக்குத் தமிழ்ல என்ன சொல்றதுன்னு நம்ம குழுவுல மூணு நாளா மடல் போயிக்கினு இருக்கு, தொகுதி, கட்டம், அடைப்பு எல்லாத்தையும் படிச்சேன். நான் காட்பாடில மாடி ரூம்ல எட்டடிக்கு நாலடி பிளைவுட் மேல ஹெச்ஓ அளவுல, அதாவது நெசத்துல 87ல ஒரு பங்குல, மாடல் ரயில் லேஅவுட் போட்டு ஓட்டிக்கினு இருக்கேன், சிக்னல் ஒயரிங் மொத்தமும் நானே பண்ணது, அதுலேர்ந்து தோணினதச் சொல்றேன்.

அடைப்புன்னா சாக்கடைதான் ஞாபகம் வருது. தொகுதின்னு எழுதி பலகைல ஒட்டியே பாத்தேன், பக்கத்து வீட்டுப் பையன் ஒன்பதாவது படிக்கறவன், “அண்ணா, இது காட்பாடி தொகுதியா வேலூர் தொகுதியா”ன்னு கேட்டான். அந்த வார்த்தைய எலெக்‌ஷன் எடுத்துக்கினு போயிடுச்சு, இனிமே திரும்ப வராது.

பிளாக்னா ரெண்டு சிக்னலுக்கு நடுவுல இருக்கற லைன், அதுக்குள்ள ஒரு நேரத்துல ஒரே வண்டிதான். இதைப் பையனுக்கு எப்படிடா சொல்லி வெளங்க வெக்கறதுன்னு யோசிச்சப்ப எங்க தாத்தா கேழ்வரகுக்குத் தண்ணி கட்டினதுதான் கண்ணுல வந்துச்சு. நீளமா கெடக்கற நிலத்த வரப்பு போட்டு பாத்தி பாத்தியா பிரிக்கறோம், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வழி விடறோம். அதனால பிளாக்குக்குப் பாத்தி. ரெண்டு பாத்திக்கு நடுவுல தண்டவாளத்த வெட்டி, கரண்ட் தாண்டாம இருக்க ஒரு பிளாஸ்டிக் துண்டு சொருகறோமே, அதுக்கு வரப்பு. ரெண்டு வார்த்தையும் ஜோடியா வருது பாருங்க, எனக்கு அதுதான் ரொம்ப சந்தோஷம்.

ஒயரிங் பேச்சுல வெச்சுப் பாத்தாதான் வார்த்தை நிக்குமான்னு தெரியும். என்னோடது டிசிசி, அதாவது இன்ஜினுக்குக் கட்டளைய தண்டவாளம் வழியாவே டிஜிட்டலா அனுப்பற முறை, அதனால தண்டவாளத்துல எப்பவும் வோல்டேஜ் இருக்கும். ஒரு பக்கத் தண்டவாளம் எல்லாப் பாத்திக்கும் பொது, இன்னொரு பக்கத்துல மட்டும் வரப்பு. ஒவ்வொரு பாத்திக்கும் போற ஒயர ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (நாலு டயோடு சேந்த பாகம்) வழியா விட்டிருக்கேன், பாத்திக்குள்ள இன்ஜின் வந்தா கரண்ட் ஓடும், ரெண்டு டயோடு தாண்டறப்ப சுமாரா 1.4 வோல்ட் அங்க நிக்கும், அது ஆப்டோகப்ளர (உள்ள இருக்கற சின்ன லைட்டு எரிஞ்சா அடுத்த சர்க்யூட்டுக்குச் சேதி சொல்ற பாகம்) எரிய வெக்கும், அதுலேர்ந்து சிக்னல் செவப்பு. இப்ப ரயில்வேல இருக்கற நாலு ஆஸ்பெக்ட் விதிய, அதாவது சிக்னல் நாலு விதமா காட்டற விதிய, இந்த வார்த்தைல சொல்றேன்: முன்னால பாத்தி காலி இல்லன்னா செவப்பு, ஒரு பாத்தி காலின்னா மஞ்சள், ரெண்டு காலின்னா ரெட்டை மஞ்சள், மூணு காலின்னா பச்சை. ஒரு எடத்துலயாவது நாக்கு தட்டுதா?

பாத்தில தண்ணி தேங்கி நிக்கும், வண்டி போயிடுமே, ஒப்புமை இடிக்குதுன்னு யாராவது சொல்லலாம். நியாயம்தான். ஆனா இங்க வேண்டியது எல்லை கட்டின எடம், அதுக்குன்னு தனி வழி, அவ்ளோதான். அந்த எல்லை எவ்ளோ முக்கியம்னு அடி பட்டுத் தெரிஞ்சுக்கினேன். இன்ஜின் அடுத்த பாத்திக்குப் போயிடுச்சு, கடைசி ரெண்டு பெட்டி இன்னும் பழைய பாத்திலயே இருக்கு, பிளாஸ்டிக் சக்கரம்ங்கறதால கரண்ட் இழுக்கல, சிக்னல் செவப்புலேர்ந்து மாறிடுச்சு, பின்னால வந்த வண்டி இடிச்சு ஒரு பெட்டியோட கப்ளிங் ஒடஞ்சுது. அப்புறம் உலோகச் சக்கரம் போட்டு பெட்டியும் கொஞ்சம் கரண்ட் இழுக்கட்டும்னு அச்சுக்குக் குறுக்க 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒட்டினேன், இப்ப கடைசிப் பெட்டியும் வரப்பு தாண்டினாதான் பாத்தி காலி. நெச லைன்லயும் கடைசிப் பெட்டில எல்வி (லாஸ்ட் வெஹிகிள், கடைசி வண்டி) போர்டு மாட்டறது இதுக்குத்தானே, வண்டி முழுசா வந்து சேந்துச்சான்னு பாக்கறதுக்கு.

வயக்காட்டு வார்த்தை டெக்னிக்கலா இல்லன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. பழைய ரயில் சிக்னலக் கைகாட்டின்னு சொல்றோமே, அது எந்தக் கமிட்டி பண்ண வார்த்தை? கம்பத்து மேல கை மாதிரி ஏறி எறங்கறதப் பாத்துட்டு ஜனங்களே சொன்னது, இன்னிக்கும் வெளங்குது. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயிலு 1856ல ராயபுரத்துலேர்ந்து நம்ம வாலாஜா ரோடு வரைக்கும்தான் வந்துச்சு, அந்த லைனோரத்துக் கழனில பொழங்கின வார்த்தை ரயிலுக்கு ஆகாதுன்னு எப்படிச் சொல்றது?

பலகைக்கு அடில பாத்தி 1லேர்ந்து 6 வரைக்கும் லேபிள் ஒட்டிட்டேன். ஆஸ்பெக்டுக்கு மட்டும் எனக்கு ஒண்ணும் கெடைக்கல, நிறம்னு வெச்சா ரெட்டை மஞ்சள் இடிக்குது. அதுக்கு யாராவது சொல்லுங்க.