தொலைவில் வாழும் இணைய நண்பர்களிடம் அன்றாடச் செய்திகளை எப்படிப் பகிர்வது?

வெண்மேகம் (கேள்வி):
வெவ்வேறு நேர மண்டலங்களில் வாழும் எங்கள் நட்புக் குழுவில் வேலை மாற்றம், வீடு மாற்றம் போன்ற பெரிய செய்திகள் மட்டுமே வருகின்றன. வாழ்த்துச் சொன்னதும் பேச்சு அடங்கிவிடுகிறது. சிறு செய்திகளை எழுதினால் பிறருக்குச் சலிப்பூட்டுமோ என்று தயங்குகிறேன். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

தூரத்துமணி:
சலிப்பூட்டாது என்பதே என் கருத்து. அருகில் இருக்கும் நண்பரின் இருமலும் களைப்பும் நமக்குத் தானாகவே தெரிந்துவிடுகின்றன; தொலைவில் இருப்பவரிடம் சொன்னால்தான் உண்டு. இரவு தூக்கம் வரவில்லை, பாதியில் விட்ட நூலை மீண்டும் எடுத்தேன் என்ற அளவிலான செய்திதான் அடுத்த கேள்விக்கு இடம் தருகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை இதற்கு நம்ப வேண்டாம்: அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதோடு, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னதை எவரும் தமக்கென்று சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை.

நிழற்குடை:
குரல் பதிவு அனுப்பலாம்; அவரவர் விழித்திருக்கும் வேளையில் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் நீளமான பதிவை (எங்கள் குழுவில் ஒருவர் சொற்பொழிவே ஆற்றுவார்) பணியிடத்தில் இருப்பவர் உடனே கேட்க இயலாது என்பதால், எதைப் பற்றியது என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.

தூரத்துமணி:
உடல்நலம், பணம், குடும்பப் பூசல் ஆகியவற்றை மட்டும் குழுவில் எழுதுவதற்கு முன் நெருக்கமான ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள். குழுச் செய்தியை யார் வேண்டுமானாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறிடத்துக்கு அனுப்பிவிடலாம்.

வெண்மேகம்:
நன்றி. உடனே பதில் எதிர்பார்க்கவில்லை என்ற குறிப்புடன், இன்றே ஒரு சிறு செய்தியை எழுதுகிறேன்.